கூழாங்கல் கரையில் ஒரு சவுக்கு மரம்

என் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். “சித்தி, இந்தப் பாட்டு புரியுது. ஆனா ஒரு சவுக்கு மரத்துக்கு எதுக்கு இவ்வளவு அழுகை?” தோரு தத் எழுதிய ‘எங்கள் சவுக்கு மரம்’ பாட்டைத்தான் சொன்னாள்.

நியாயமான கேள்விதான். சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சவுக்கு என்றால் பணம். நாற்று நட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டி, சாரம் கட்டவும் பந்தல் போடவும் விறகுக்குமாக லாரியில் ஏற்றிவிடுவார்கள். மிச்சம் கிடக்கும் மிளாரை அப்பாயி பொறுக்கிக் கட்டி வருவாள். சவுக்கு மரம் கிழமாகி நான் பார்த்ததில்லை. தோருவின் மரம் வேறு மாதிரி. மலைப்பாம்பு போல ஒரு கொடி சுற்றிச் சுற்றி உச்சிவரை ஏறி அதை இறுக்கிக்கொண்டிருக்கிறது. அடிமரம் முழுக்கத் தழும்பு. விடிகாலையில் ஜன்னலைத் திறந்தால் உச்சியில் ஒரு சாம்பல் நிறக் குரங்கு சிலை மாதிரி உட்கார்ந்து சூரியன் எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கீழ்க் கிளைகளில் அதன் குட்டிகள் தாவி விளையாடும். பக்கத்துக் குளத்தில் அல்லி பூத்துக் கிடக்கும்.

அன்றைக்கு அவளிடம் ஏதோ பதில் சொன்னேன். இளமை நினைவு, இயற்கை மேல் உள்ள பிரியம், அவ்வளவுதான். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அப்புறம் இரண்டு வாரம் தோரு எழுதியதையும் அவளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையும் படித்துக்கொண்டே இருந்தேன். ‘அவள்’ என்றுதான் எழுதப் போகிறேன். இறந்தபோது அவளுக்கு வயது 21. என் அக்கா மகளைவிட நாலு வயது பெரியவள்.

விக்டோரியா காலத்துப் பெண் கவிஞர்கள் என்றால் எலிசபெத் பாரெட் பிரௌனிங், கிறிஸ்டினா ரோசெட்டி என்று லண்டனைச் சுற்றியே பேசுவார்கள். அதே காலத்தில், அதே ராணியின் ஆட்சியில், கல்கத்தாவில் ஒரு வங்காளிப் பெண் ஆங்கிலத்தில் கவிதையும் பிரெஞ்சில் நாவலும் எழுதிக்கொண்டிருந்தாள். தோரு பிறந்தது 1856 மார்ச் 4. ராம்பாகானில் இருந்த தத் குடும்பம் வசதியும் படிப்பும் உள்ள குடும்பம். அப்பா கோவின் சந்தர் தத்தும் கவிதை எழுதியவர். 1870இல் அவரும் அவருடைய உறவினர்களும் சேர்ந்து எழுதிய ஒரு கவிதைத் தொகுப்பு லண்டனிலேயே வெளியானது. 1862இல் குடும்பம் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியது. அம்மா க்ஷேத்ரமோனிக்கு முதலில் அதில் மனமில்லை. பிறகு அவரும் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவரானார். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதைகள் சீதை கதையும் துருவன் கதையும் பிரகலாதன் கதையும்தான். மதம் மாறியது, சாயங்காலக் கதை மாறவில்லை.

பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் அப்ஜு, அக்கா ஆரு, கடைக்குட்டி தோரு. தோருவின் எழுத்தைப் படிக்கும்போது இந்த மூன்று என்ற எண்ணை நான் மறப்பதே இல்லை.

அப்ஜு 1865இல் போய்விட்டான், பதினாலு வயதில். மிச்சமிருந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு 1869 கடைசியில் பெற்றோர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் காலத்தில் வங்காளி வீட்டுப் பெண்கள் கடல் தாண்டுவதே பெரிய விஷயம். பிரான்சின் தெற்கே நீஸ் நகரத்தில் ஒரு பள்ளியில் சில மாதம் படித்தார்கள். சகோதரிகள் பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்குப் போனது அது மட்டும்தான். அந்தச் சில மாதத்தில் பிரெஞ்சு தோருவுக்குள் அப்படி இறங்கிவிட்டது, ஆங்கிலத்தைவிட பிரெஞ்சுதான் அவளுக்கு நன்றாக வந்தது என்று ஆங்கில விமர்சகர் எட்மண்ட் காஸ் பின்னால் எழுதினார். பிறகு லண்டன், அப்புறம் கேம்பிரிட்ஜ். அங்கே பெண்களுக்கென்று நடந்த உயர்கல்விச் சொற்பொழிவுகளுக்கு இருவரும் போனார்கள். கேம்பிரிட்ஜில்தான் மேரி மார்ட்டின் என்ற பெண் தோருவுக்குச் சிநேகிதியானாள்.

இங்கேதான் எனக்கு அந்த மரம் திறந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் குடும்பம் கொஞ்ச நாள் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஹேஸ்டிங்ஸ் ஊரை ஒட்டிய செயின்ட் லெனார்ட்ஸில் தங்கியிருந்தது. ஆருவுக்கு உடம்பு சரியில்லை. காசநோய். கடல் காற்று நல்லது என்று அப்போதெல்லாம் சொல்வார்கள். அந்த நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்னது 1882இல். அதற்குள் இந்த வீட்டுப் பெண்கள் இருவருமே போய்விட்டார்கள்.

அந்தக் கடற்கரையைப் பற்றித் தோரு ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறாள். ‘ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில்’ என்று தலைப்பு. இலையுதிர் காலம், சுவரோரம் பீச் பழம் பழுக்கும் நேரம். அக்கா தங்கை இருவரும் கரையில் இருக்கிறார்கள். அக்காவுக்கு முடியவில்லை. அந்த வழியாக ஒரு பெண்மணி வருகிறார், இளவயது இல்லை, சாந்தமான முகம். இவர்களைப் பார்த்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கையிலிருந்த ரோஜாப் பூக்களை நோயாளிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். பேர் தெரியாது, திரும்பப் பார்க்கப்போவதும் இல்லை. அந்த ரோஜாக்கள் என் மனசில் வாடவே வாடாது என்று கவிதை முடிகிறது. எளிமையான பாட்டு. ஆங்கிலக் கவிதை வரலாற்றில் இதற்கு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அது தொண்டையை அடைத்தது. அயல்நாட்டில் நோயாளியோடு உட்கார்ந்திருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் காட்டும் அன்பு எப்படி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கவிதையின் முதல் வரியிலேயே ஒரு சொல் வருகிறது: கூழாங்கல் கடற்கரை. ஹேஸ்டிங்ஸ் கரை நம் ஊர் மாதிரி மணல் இல்லை, உருண்டைக் கற்கள் குவிந்து கிடக்கும் கரை. சரி, இப்போது சவுக்கு மரத்துக்கு வருவோம். மூன்றாம் பத்தியில், இந்த மரம் எனக்குப் பிரியமாக இருப்பது அதன் கம்பீரத்துக்காக மட்டும் இல்லை என்கிறாள். இதன் கீழே நாங்கள் விளையாடினோம், என் அருமைத் தோழர்களே, உங்களுக்காகத்தான் இது என்றைக்கும் எனக்குப் பிரியம் என்கிறாள். சொன்ன உடனே அவளுக்கு ஒப்பாரி போல ஒரு முனகல் கேட்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? கூழாங்கல் கரையில் அலை உடைவது போல.

அதே சொல். கல்கத்தாத் தோட்டத்தில் நிற்கிற சவுக்கு மரத்துக்குள் அவள் கேட்ட கடல், வங்காள விரிகுடா இல்லை. அக்காவோடு கடைசியாக ஓர் இலையுதிர் காலத்தில் உட்கார்ந்திருந்த ஹேஸ்டிங்ஸ் கரையின் கடல். இப்படி யாராவது முன்னால் எழுதியிருக்கலாம். நானாகக் கண்டுபிடித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

1873இல் கல்கத்தா திரும்பினார்கள். 1874 ஜூலை 23இல் ஆரு இறந்தாள். மூன்று பேரில் ஒருத்திதான் பாக்கி.

அதற்குப் பிறகு தோருவுக்குக் கிடைத்தது மூன்று வருஷம். அந்த மூன்று வருஷ வாழ்க்கை நமக்குத் தெரிவது, அவள் மேரி மார்ட்டினுக்கு எழுதிய கடிதங்களால். ஹரிஹர் தாஸ் என்பவர் அவற்றைச் சேகரித்து, தோருவின் வாழ்க்கை வரலாற்றோடு 1921இல் வெளியிட்டார். அவள் கவிதைகளைவிட எனக்கு அந்தக் கடிதங்கள் பிடித்துவிட்டன. வெளியே போக வழியில்லாத வீட்டு வாழ்க்கை. ஐரோப்பாவின் சுதந்திரமான காற்று இங்கே கிடையாது, எங்கள் தோட்டத்தைத் தாண்டிக் கால் வைத்தால் எல்லோரும் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று வருத்தப்படுகிறாள். பாக்மாரித் தோட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் குரல் துள்ளுகிறது. ஜனெத், ஜான்தீ என்று பிரெஞ்சுப் பெயர் வைத்த இரண்டு குதிரைகள், பூனைக்குட்டிகள், மாமரம், இருமல், அப்பா வாங்கி வந்த புத்தகப் பார்சல், மறுபடி இருமல்.

அந்தக் கடிதங்களில் நான் எதிர்பார்க்காத இன்னொரு தோருவும் இருக்கிறாள். ஒரு கடிதத்தில் தன் நாட்டு மக்களை ஆங்கிலேயர் பயன்படுத்தும் அதே இளக்காரமான சொல்லில் ‘நேட்டிவ்’ என்று எழுதிவிடுகிறாள். மேரி அது ஏன் என்று கேட்கிறாள். தோரு சாக்குச் சொல்லவில்லை. நீ சொன்னது சரி, இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன், பயன்படுத்தியதற்கே வெட்கப்படுகிறேன் என்று பதில் எழுதினாள். ஆங்கிலேய வழக்கறிஞர் ஒருவர் தன் குதிரைக்காரனை அடித்து அவன் செத்துப்போன வழக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். அந்த வழக்கில் விதித்த அபராதம் 30 ரூபாய். ஆங்கிலேய நீதிபதியின் கண்ணில் ஓர் இந்தியனின் உயிர் எவ்வளவு மலிவு, பார்த்தாயா என்று கேம்பிரிட்ஜில் இருக்கும் சிநேகிதிக்கு எழுதுகிறாள். ஆங்கிலக் கவிதையை உயிராக நேசித்தவள்தான். அந்த நேசம் அவள் கண்ணைக் கட்டவில்லை.

எழுத்து வேலையை எடுத்துக்கொண்டால் மலைப்பாக இருக்கிறது. 18 வயதில், ஆரு இறந்த அதே வருஷத்தில், லெகொண்ட் த லீல் என்ற பிரெஞ்சுக் கவிஞரைப் பற்றி ‘பெங்கால் மேகஸின்’ இதழில் கட்டுரை எழுதினாள். 1876இல் ‘பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு’ என்ற அவளுடைய முதல் புத்தகம் பவானிபூரில் ஓர் அச்சகத்தில் அச்சானது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு 165 கவிதைகள். முன்னுரை இல்லை, மட்டமான காகிதம், மங்கிய அச்சு.

அந்தப் புத்தகம் லண்டன் போய்ச் சேர்ந்த கதையை எட்மண்ட் காஸ் எழுதியிருக்கிறார். 1876 ஆகஸ்ட் மாதம், ‘எக்ஸாமினர்’ பத்திரிகை அலுவலகம். மதிப்புரை எழுத நல்ல புத்தகமே வரவில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது தபாலில் இந்திய ஸ்டாம்பு ஒட்டிய மெலிந்த பொட்டலம் ஒன்று வருகிறது. ஆசிரியர் மிண்டோ அதை காஸ் கையில் திணிக்கிறார். குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய புத்தகம் என்று நினைத்துப் பிரித்த காஸ், விக்தோர் ஹியூகோவின் ‘காலைப் பாட்டு’ ஒன்றின் மொழிபெயர்ப்பைப் படித்து அசந்துபோகிறார். கவிதை இவ்வளவு நன்றாக இருந்தால் அது எந்தக் காகிதத்தில் வந்தால் என்ன என்று கேட்கிறார். தோருவின் பெயர் இங்கிலாந்தில் பரவியது அந்த மதிப்புரையால்.

அவரை அசத்திய அந்தக் கவிதையை மொழிபெயர்த்தது தோரு இல்லை, ஆரு. தொகுப்பில் எட்டுக் கவிதைகள் ஆருவுடையவை. இறந்துபோன அக்காவின் எட்டுக் கதிரையும் தன் கட்டில் சேர்த்துக் கட்டித்தான் தோரு அனுப்பியிருக்கிறாள். லண்டனில் ஒருவர் கட்டைப் பிரித்தபோது முதலில் கையில் வந்தது அக்காவின் கதிர். தோருவின் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பின்னாளில் காஸ் அவளை ‘மென்மையான அயல்நாட்டுப் பூ’ என்ற பொருளில் எழுதினார். அன்போடுதான் எழுதினார், அவர் இல்லையென்றால் அவள் பெயரே நமக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆனாலும் அந்தப் பூவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நோயோடு, வெளியே போக முடியாத வீட்டில், 165 கவிதையை மொழிபெயர்த்து, கவிஞர்களைப் பற்றிக் குறிப்பும் எழுதி, பிரெஞ்சில் ஒரு முழு நாவல் எழுதி, ஆங்கிலத்தில் இன்னொன்று தொடங்கி, அப்பாவோடு உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்து, அதிலிருந்து கதைகளை எடுத்து ஆங்கிலப் பாட்டாகக் கட்டியவள். விளக்கை அணைக்காமல் வேலை செய்தவளைப் பூ என்று சொன்னால் அந்த வேலை காணாமல் போய்விடுகிறது.

அந்த வேலையும் அக்காவோடு சேர்ந்து செய்யத் தொடங்கியதுதான். தோரு பெயர் போடாமல் ஒரு நாவல் எழுதுவது, நன்றாக வரையத் தெரிந்த ஆரு அதற்குப் படம் போடுவது என்று இருவரும் திட்டம் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்துக்குக்கூடப் படம் போடாமல் ஆரு போய்விட்டாள். ‘பியாங்கா’ என்ற ஆங்கில நாவல் அக்காவை அடக்கம் செய்யும் காட்சியோடு தொடங்குகிறது. எதைத் தொட்டாலும் அந்த அறையில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

1877 ஜனவரியில், பழங்கால இந்தியப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய கிளாரிஸ் பாதெர் என்ற பிரெஞ்சு எழுத்தாளருக்கு, அதை மொழிபெயர்க்க அனுமதி கேட்டு எழுதினாள். பாதெர் மிகவும் மகிழ்ந்து சம்மதித்தார். ஆனால் உடம்பு விடவில்லை. அந்த வருஷம் எழுதிய ‘உயிர் மரம்’ என்ற கவிதையில், பட்டப்பகலில் கண்மூடிப் படுத்திருக்கிறாள், தூக்கமில்லை, கை அப்பாவின் கைக்குள் இருக்கிறது. எனக்கு அந்தக் கவிதையின் தேவதையும் ஒளியும் மறந்துவிடும், அந்தக் கை மறக்காது. மேரிக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது ஜூலை 30. ஆகஸ்ட் 30இல் இறந்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அப்பா செய்தது. கோவின் சந்தர் அவள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து எடுத்தார். ‘பியாங்கா’ முடியாத நிலையிலேயே 1878இல் ‘பெங்கால் மேகஸின்’ இதழில் வந்தது. ‘மத்மொசெல் தார்வெரின் நாட்குறிப்பு’ என்ற பிரெஞ்சு நாவல் 1879இல் பாதெரின் முன்னுரையோடு பாரிசில் வந்தது. 1882இல் லண்டனில் ‘இந்துஸ்தானத்தின் பழம் பாட்டுக்களும் கதைகளும்’ வந்தது. நம்பிக்கையும் உழைப்பும் நிறைந்த மூன்று இளம் உயிர்கள் போய்விட, தளர்ந்துபோன கிழவன் நான் ஏன் மிஞ்சினேன் என்று அந்த அப்பா கேட்டு எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசிப் புத்தகத்தில் ஒன்பது கதைப்பாட்டுகளும் ஏழு தனிக் கவிதைகளும் இருக்கின்றன. எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ‘சாவித்திரி’ ரொம்ப நீளம், பல இடத்தில் நடை தளர்கிறது. ஆனால் அதற்குள்ளே, அந்தப் பழங்காலத்தில் இந்தியப் பெண்களை அந்தப்புரத்தில் அடைத்து வைக்கவில்லை என்று ஒரு வரி எழுதுகிறாள். தோட்டத்தைத் தாண்டினால் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று கடிதம் எழுதிய பெண் அதை எழுதும்போது வேறு எடை வந்துவிடுகிறது. ‘ஜோகாத்யா உமா’ வளையல்காரன் ஒருவனிடம் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்ட தெய்வத்தின் கதை. முடிவில் குளத்துத் தண்ணீருக்கு மேலே வளையல் போட்ட கை மட்டும் எழுகிறது. இந்தக் கதை இந்தக் காலத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதை எனக்குச் சொன்ன வாய் எனக்குப் பிரியம், அதனால் என் பாட்டுகளுக்கு நடுவே இதுவும் இருக்கட்டும் என்று முடிக்கிறாள். கதை சொன்னவர்களுக்கு இதைவிட நன்றாக யாரும் நன்றி சொல்லி நான் படித்ததில்லை.

கதைப்பாட்டுகளில் கடைசியாக வருவது ‘சீதை’. இருபத்திரண்டே வரி. இருட்டறையில் மூன்று பிள்ளைகள் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது வெயில் நுழையாத ஒரு காடு, மயில், மான், அன்னம், நடுவே அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண். அம்மா பாடப் பாட அந்தக் காடு அறைக்குள் வருகிறது, பாட்டு நின்றதும் கலைந்துவிடுகிறது. அப்புறம் கவிஞர் கேட்கிறாள்: அந்தப் பிள்ளைகள் பழையபடி சாயங்காலத்தில் அம்மாவின் பக்கத்தில் எப்போது கூடுவார்கள்? பெயர் எதுவும் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான். அப்ஜுவும் ஆருவும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறாள். அது அச்சில் வந்தபோது மூன்றாவது பிள்ளையும் இல்லை. கதை சொன்ன அம்மா இருந்தார்.

தனிக் கவிதைகளில் முதலாவது ‘ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில்’. கடைசி, ‘எங்கள் சவுக்கு மரம்’. ‘என்’ இல்லை, ‘எங்கள்’. தலைப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்லை நானும் இத்தனை வருஷம் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். கடைசிப் பத்தியில், இப்போது நிரந்தரத் தூக்கத்தில் இருப்பவர்கள் நேசித்த மரமே, அவர்கள் எனக்கு உயிரைவிட மேலானவர்கள், என் பாட்டு பலவீனமானதுதான், ஆனாலும் மறதியின் சாபத்திலிருந்து அன்பு உன்னைக் காக்கட்டும் என்று வேண்டுகிறாள். எந்த இடத்திலும் தனக்காக எதையும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். இரண்டு கவிதையையும் சத்தமாகப் படித்தோம். அவள் பாடப்புத்தகத்தில் கூழாங்கல் கரை வரும் வரியை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டாள். பிறகு, “நம்ம ஊர் கடல் மணல்தானே, கல்லுல அலை அடிச்சா எப்படிக் கேக்கும்?” என்றாள். போனில் ஹேஸ்டிங்ஸ் கரையில் யாரோ எடுத்துப் போட்டிருந்த ஒரு வீடியோவைத் தேடி எடுத்தோம். படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேட்டாள். மூன்று நான்கு அலை போயிருக்கும்.

“அடிக்கும்போது இல்ல சித்தி,” என்றாள். “அலை திரும்பிப் போகுதுல்ல, அப்ப கல்லெல்லாம் இழுபடுது பாரு. அதுதான் நம்ம சவுக்குத் தோப்பு சத்தம்.”

மறுபடி ஒரு தடவை போடச் சொன்னாள்.